நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட ‘ஆசியா’

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் எல்லார் வாயிலும் நுங்கம்பாக்கம்தான். அங்கே எத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் எத்தனை என்று கேட்ட பிறகுதான் மறு வேலை. அந்த மழைக் கணக்கு வரும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள் என்று அலுவலகத்தில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கண்டவர் நார்மன் போக்சன், அன்றைய மதராஸ் வானாய்வகத்தின் வானியலாளர். சித்திரைப் புழுக்கத்தில் தொலைநோக்கிக்கும் வான்படத்துக்குமாகக் கண்ணை மாற்றி மாற்றி, புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டிய வேலை அது. படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தட்டுப்பட்டால், மறுநாள் இரவும் பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால் அது விண்மீன் அல்ல. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் அந்தப் பாறைதான் இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள். அதனால் ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். வரிசை எண் 67. பிறகு சாப்போ, சில்வியா, கமிலா, வேரா என இன்னும் நான்கு இங்கிருந்தே அகப்பட்டன. அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கே உண்டு. அதனால்தான் 1988இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் குழுவினர் கண்ட 4130ஆம் சிறுகோள் இன்று ‘ராமானுஜன்’ என்று சுற்றுகிறது. இதை எங்கே படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். நம் ஊர்த் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரின் பெயர் அல்லவா!

ஒருமுறை அனுமதி பெற்று மகளை அந்த வளாகத்துக்கு அழைத்துப்போனேன். 1792இல் வானாய்வுக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. பழைய எழுத்து, சட்டென்று பிடிபடாது. அவள் ஆள்காட்டி விரலைப் பள்ளத்தில் ஓட்டி, எழுத்துக் கூட்டிக்கொண்டே நின்றாள். வெயில் ஏறியும் நகரவில்லை.

பள்ளிகள் பிள்ளைகளைக் கோட்டூர்புரத்தில் கோளரங்கத்துக்கு அழைத்துப்போகின்றன, நல்லதுதான். திரும்பும் வழியில் கல்லூரிச் சாலையிலும் பஸ்ஸை நிறுத்துங்கள். அந்தத் தூணைத் தொட்டுப்பார்க்க விடுங்கள். ‘ஆசியா’வின் கதையை அங்கேயே, தமிழிலேயே சொல்லுங்கள்.