ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கொடுப்பதை எப்போது நிறுத்துவார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட் என்றாலே ஜெர்மனி எவ்வளவு கொடுத்தது, போலந்து எவ்வளவு வாங்கியது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். வந்த பணம் எதற்குப் போகிறது, அதிலும் விவசாய மானியமாக யாருக்குப் போகிறது என்பதுதான் என் கவலை. அதைப் பற்றி நம் ஆட்கள் யாரும் எழுதிப் பார்க்காததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 கோடி யூரோ. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அது 27 நாடுகளுக்கு, 45 கோடி மக்களுக்கு. தலைக்கு நாளொன்றுக்கு ஒரு யூரோவும் கொஞ்சம் சில்லறையும் வருகிறது. உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இந்தத் தொகை எப்போதும் நிற்கிறது. பற்றாக்குறை பட்ஜெட் போடவும் ஒப்பந்தத்தில் இடமில்லை. அதனால் ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் கைவைத்தே ஆக வேண்டும்.

இந்தப் பணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு 38,700 கோடி யூரோ. அதே ஏழு ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கான 'ஹொரைசன் ஐரோப்பா' திட்டத்துக்கு ஒதுக்கியது 9,550 கோடி.

விவசாயத்துக்குக் கொடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1962-இல் பொது விவசாயக் கொள்கையைக் கொண்டுவந்த தலைமுறை போர்க்காலப் பட்டினியை நேரில் பார்த்தது. விளைவித்ததை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்தார்கள். எண்பதுகளில் வெண்ணெயும் பால் பவுடரும் கிடங்குகளில் மலைபோலக் குவிந்து, ஒன்றியத்தின் பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்கை விவசாயமே விழுங்கியது. 1992 சீர்திருத்தத்தில்தான் விலையைத் தூக்கிப் பிடிப்பதைக் குறைத்து, விவசாயி கையில் நேரடியாகப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். அதுவரை சரி. ஆனால் அந்தப் பணம் நாளடைவில் பெரும்பாலும் நிலத்தின் பரப்பளவை வைத்துக் கொடுப்பதாக ஆகிப்போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நாலு ஹெக்டேரில் இரண்டு மாடும் மக்காச்சோளமுமாகப் பிழைக்கும் ருமேனியக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 800 யூரோ. இரண்டாயிரம் ஹெக்டேர் வைத்திருக்கும் கம்பெனிக்கு 4 லட்சம் யூரோ. யாருக்குத் தேவை அதிகம் என்ற கேள்வியே இந்தக் கணக்கில் கிடையாது. நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம், வாங்குபவர்களில் 20 சதவீதம் பேருக்குப் போகிறது என்பது ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில் ராணி எலிசபெத்தின் சாண்ட்ரிங்காம் பண்ணைக்கும் இந்த மானியம் போயிருக்கிறது!

இன்னொன்றும் நடக்கிறது. ஹெக்டேருக்கு இவ்வளவு நிச்சயம் என்று தெரிந்தால் நிலத்தின் சொந்தக்காரர் சும்மா இருப்பாரா? குத்தகையை ஏற்றுவார். உழுபவர் பெயரில் வரும் பணத்தில் ஒரு பங்கு குத்தகை வழியாக நிலவுடைமையாளரிடமே போய்ச் சேர்கிறது. விவசாயம் செய்ய ஆசைப்படும் இளைஞருக்கு நிலத்தின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

சிறு விவசாயியைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் என்பார்கள். இன்றைய 27 நாடுகளில் 2005-இல் சுமார் 1.44 கோடி பண்ணைகள் இருந்தன. 2020-இல் அது 91 லட்சம். போனவற்றில் பெரும்பாலானவை ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு பண்ணைகள். மானியம் ஒரு வருடம்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. இதைக் காப்பாற்றுவது என்று எப்படிச் சொல்வது?

2024 பிப்ரவரி 1-ஐ மறக்கவே முடியவில்லை. அன்று பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு எதிரே நூற்றுக்கணக்கான டிராக்டர்கள். தீ மூட்டினார்கள், முட்டை வீசினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. டீசல், உரம் எல்லாம் விலை ஏறி, விளைபொருளுக்கு மட்டும் விலை கிடைக்காமல் தவித்தவர்கள் அதில் நிறையப் பேர். அதே நாளில், அதே நகரத்தில், 27 நாட்டுத் தலைவர்களும் கூடி உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ கொடுக்க முடிவு செய்தார்கள். அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நடப்பு ஏழாண்டுத் திட்டத்தைத் திருத்தி எழுதியபோது, ஹொரைசனிலிருந்து 210 கோடி யூரோவை வெட்டினார்கள். பொதுச் சுகாதாரத் திட்டத்திலும் 100 கோடி போனது. ஹெக்டேர் மானியத்தை யாரும் தொடவில்லை. ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் டிராக்டர் இல்லை, அவ்வளவுதான்.

வெட்டுப்பட்ட பணம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இன்னும் வலிக்கும். கோவிட் தடுப்பூசி தந்த பயோன்டெக் என்ற ஜெர்மன் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான உகுர் ஷாஹின், அந்தப் பெருந்தொற்றுக்கு முன்பே, ஹொரைசன் வழியாகப் பணம் பெறும் ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுமத்தின் நிதி பெற்றவர். அது எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடலின் செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) வழியாகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தேடும் ஆய்வுக்கு. எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்காமல், ஆய்வின் தரத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் பணம் அது. இந்தியாவிலிருந்து மேரி கியூரி உதவித்தொகையில் போகும் இளம் ஆய்வாளர்களுக்கும் இதே ஹொரைசன்தான் படியளக்கிறது.

ஏழாண்டுத் திட்டத்துக்குள் ஆண்டுதோறும் பட்ஜெட் போடும்போது நடப்பதும் இதன் சின்ன வடிவம்தான். ஒன்றியத்தின் நிர்வாகத்தைப் பார்க்கும் ஆணையம் வரைவு கொடுக்கும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அவை வெட்டும், நாடாளுமன்றம் திருப்பிச் சேர்க்கும். நவம்பரில் அவை, நாடாளுமன்றம் என இரு தரப்பிலும் சரிசமமாக ஆட்கள் உட்கார்ந்து 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஜனவரியிலிருந்து மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று பழைய கணக்கில் ஓட்ட வேண்டியதுதான். இதில் மானியத்துக்கான தொகை முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டிருக்கும். ஆகவே இழுபறி முழுக்க மீதியில். போதாததற்கு கோவிட் காலத்தில் வாங்கிய கூட்டுக் கடனின் வட்டி, முதலில் நினைத்ததைவிட ஏறி, அதே மீதியைத் தின்கிறது. நாடாளுமன்றம் கூட்டத்துக்காக மாதாமாதம் பிரஸ்ஸல்ஸிலிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மூட்டை கட்டுவதை நிறுத்தினால் ஆண்டுக்கு 11 கோடி யூரோ மிச்சம் என்று தணிக்கையாளர்கள் 2014-இலேயே சொல்லிவிட்டார்கள். நிறுத்தட்டும், நல்லது. ஆனால் 19,000 கோடியில் அது எந்த மூலைக்கு?

ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் கிடையாது என்று ஆணையம் 2018-இல் முன்மொழிந்தது. பேரம் முடிந்தபோது அது 'விரும்பும் நாடுகள் செய்துகொள்ளலாம்' என்று நீர்த்துப்போனது. 2028-34 திட்டத்துக்காக 2025 ஜூலையில் அதே உச்சவரம்பை மறுபடியும் முன்வைத்தார்கள். இந்த முறை அது கட்டாயமாக வேண்டும். மிச்சமாகும் பணத்தில் பாதி சிறு விவசாயிகளுக்கும் புதிதாக உழ வருபவர்களுக்கும், பாதி ஆராய்ச்சிக்கும் போக வேண்டும்.

அப்புறம், உச்சவரம்பு வந்தால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் நில உச்சவரம்புச் சட்டத்தின் கதையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பண்ணை காகிதத்தில் பத்தாகப் பிரியும், மனைவி பேரில் ஒன்று, மருமகன் பேரில் ஒன்று. கம்பெனிகளின் பெயர் எத்தனை இருந்தாலும், அவற்றின் கடைசி உரிமையாளர் யார் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து வரம்பு போட வேண்டும். அந்த ஒரு விதியை உள்ளே கொண்டுவருகிறார்களா என்றுதான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.