மனை பார்க்க வர்றீங்களா? தை அஞ்சுக்கு வாங்க

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, தரகரும் சும்மா இருப்பார். தரை கெட்டியாக இருக்கும், வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பிற்பகலில் கடல்காற்று வந்து முகத்தில் அடிக்கும். "ஆகா, இங்கேயே இருந்துடலாம்" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மனையைப் பார்க்க இதைவிட மோசமான மாதம் கிடையாது. இந்த ஊர் வாயைத் திறந்து பேசுவது திருவிழா நாட்களில்தான். அதிலும் முதல் நாள், தை அஞ்சு.

தெரியாதவர்களுக்காக: பொங்கலை ஒன்று என்று எண்ணினால் ஐந்தாம் நாள், ஜனவரி 18 அல்லது 19. தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி முடித்து ஊர் திரும்பும். மேலே மணலூர்ப்பேட்டைக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே வருகிறார். கீழே கண்டரக்கோட்டை, கடலூர் மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, புதுச்சேரிப் பக்கம் சோரியாங்குப்பம் என்று கடல் முகம் வரை கூட்டம்தான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரம் ஆகியிருக்கும். அப்போதும் ஆறு கரையிலிருந்து கரைக்கு ஓடினால் அந்த வருஷம் நல்ல வருஷம். ஓரமாக ஒரு கால்வாய் போல ஓடினால் சுமார். தண்ணீரே இல்லாத வருஷங்களில் ஊற்று தோண்டியோ மோட்டார் போட்டோ சாமிக்குத் தீர்த்தவாரி நடக்கும். அப்படி ஊற்று தோண்டினால் நின்று கவனியுங்கள். ஒரு முழத்தில் ஈரம் வருகிறதா, நாலு முழம் போகவேண்டியிருக்கிறதா? ஆற்று மணல்தான் அக்கம்பக்கத்து போர் கிணறுகளுக்கெல்லாம் தொட்டி. மணல் போனால் தொட்டி சிறுக்கும், கடலோரத்தில் அந்த இடத்தை உப்புநீர் பிடிக்கும். மனைக்காரர் போர் தண்ணீரை டம்ளரில் கொடுத்தால் குடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள், பாட்டிலில் பிடித்துப் போய் அதில் துவரம்பருப்பு வேகவையுங்கள். பருப்பு குழையாமல் நின்றால், சோப்பு நுரைக்காமல் திரிந்தால், கடினத் தண்ணீர். அதே பாட்டிலை ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை முடிந்த தையிலும், கோடை முற்றிய வைகாசியிலும் இரண்டு தடவை பார்த்தால்தான் கணக்கு.

அடுத்தது கரையோர ஊர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் கடலூர்க் கரையோரத்தை முக்கியெடுத்தது அந்த மழை மட்டும் இல்லை. டிசம்பர் 2 விடிவதற்கு முன், தென்பெண்ணையில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் அது இங்கே வந்துவிட்டது. குண்டு உப்பலவாடி, தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு எல்லாம் தண்ணீருக்குள். (பேரில் மேடு இருக்கிறதே என்று நம்பவேண்டாம். சுற்றிலும் பள்ளம் இருந்தால்தானே ஓர் இடத்துக்கு மேடு என்று பேர் வைப்பார்கள்!) இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும் ஊர் இது. கார்த்திகை பிறந்தால் இங்கே பெய்யும் மழையை மட்டும் பார்த்தால் போதாது. சாத்தனூர் மட்டம் என்ன என்று பார்க்கவேண்டும். முழு மட்டம் 119 அடி. அதை நெருங்கிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே விடுவதைத் தவிர அணைக்கு வேறு வழி இல்லை.

வெள்ளம் ஏறிய தடத்தைச் சுவரில் தேடாதீர்கள், விற்கிற வீட்டுக்கு வெள்ளையடித்திருப்பார்கள். மின்கம்பத்தில் தேடுங்கள், மதகின் பக்கச் சுவரில் தேடுங்கள். முள்வேலியில் காய்ந்த செத்தை எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் கரன்ட் மீட்டர் பெட்டி நெஞ்சுக்கு மேலே ஏறியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மனை மட்டும் கிராவல் கொட்டி உயர்ந்து, பக்கத்து வயல் இரண்டடி கீழே இருந்தால், மழை நாளில் உங்கள் வீடு தீவு. தெருமுனையில் முறுக்கு விற்கும் ஆயாவிடம் கேளுங்கள், தரகரைவிடச் சரியாகச் சொல்லும்.

பிள்ளைகளை ஆற்றில் இறக்கும்போது கவனம். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் தலை மூழ்கும். பாலத் தூண்களைச் சுற்றியும் தடுப்பணைக்குக் கீழேயும் வெள்ளம் பறித்த குழிகள் உண்டு. 2022 ஜூனில், பக்கத்து ஆறான கெடிலத்தில் தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய ஏழு பெண்கள் ஒரே நாளில் போனார்கள். சாமி இறங்கும் இடத்தில், ஆள் நடமாட்டம் உள்ள மணல் திட்டுக்குப் பக்கத்தில் மட்டும் குளியுங்கள்.

தை அஞ்சு ஆற்றைக் காட்டினால் மாசிமகம் கடலைக் காட்டும். புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் வருவார்கள், ஊரே கடற்கரையில் நிற்கும். நிற்க எவ்வளவு மணல் இருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கரையில் மணல் வருஷக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் தடுப்பு போட்டதும் மணல் தெற்கே தேங்கியது, வடக்கே கடல் தின்றது. கடலைப் பார்த்த மனை என்று விற்கும்போது, அது கல் தடுப்புக்கு எந்தப் பக்கம் என்று கேட்க யாரும் சொல்லித் தருவதில்லை. மாசிமகத்தன்று கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்தால் போக்குவரத்தைப் பற்றியும் தனியாக யாரும் சொல்லவேண்டியிருக்காது.

மீன் தின்பதற்காகவே குடிவர நினைப்பவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. ஃபைபர் படகு, கட்டுமரம் பிடித்து வருவதுதான் உள்ளூர் மீன், மற்றது ஐஸில் வந்தது. வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு நெத்திலிக்கு வந்துவிடுவீர்கள்.

ஆற்றுத் திருவிழாவுக்கு வந்துவிட்டுக் கிழங்கு வாங்காமல் போகாதீர்கள். சுருளிக் கிழங்கு, சிறுவள்ளி, பனங்கிழங்கு, மொச்சை, கரும்பு என்று கரை முழுக்கக் குவித்திருப்பார்கள். சுருளி மற்ற நாளில் கடையில் லேசில் சிக்காது. வாங்கும்போது மண்வெட்டி வெட்டுப்பட்டதை ஒதுக்குங்கள், வெட்டுவாயில் தண்ணீர் ஏறி வேகும்போது சொதசொதவென்று போகும், வைத்தால் அழுகும். மண் போக நாலு தண்ணீரில் அலசி, தோலோடு, ஒரே அளவாகப் பிரித்துப் போட்டு, மூழ்க நீர் விட்டு, உப்பு போட்டு மூடி வேகவையுங்கள். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் உடனே வடித்துவிடவேண்டும், நீரிலேயே விட்டால் ருசி போகும். பனங்கிழங்குக்கு மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் தண்டை எடுத்துவிட்டு, நார் கிழித்துத் தின்னவேண்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் போனால் விலை பாதியாகும், ஆனால் நல்ல சுருளி அதற்குள் தீர்ந்திருக்கும்.