துப்புவதற்கு டப்ளின் வரை போக வேண்டுமா?

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இனி அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், ஒரு மதுக்கூடத்தில் ‘காடில்’ (coddle) என்னும் அந்த ஊர் உணவை ஒரு வாய் உண்டு, முகத்தைச் சுளித்துக் கைத்துணியில் துப்பிவிட்டு, "ஆஸ்பத்திரிக் கஞ்சி" என்று பயணக் காணொளி எடுக்கும் நம் நண்பர் சிரிப்பதும், தட்டை எடுக்க வந்த பெண் மொழி புரியாமல் தானும் புன்னகைப்பதும் உங்களில் பலருக்கு நகைச்சுவையாக இருந்திருக்கிறது. எனக்கு இல்லை. ஓர் உணவு பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பரிமாறியவர் கண்ணெதிரே துப்பிக் காட்ட எவருக்கும் இல்லை.

அவர் துப்பியது என்னவென்று அவருக்குத் தெரியுமா? மிஞ்சிய சாசேஜையும் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளையும், வெங்காயம், உருளைக்கிழங்கோடு சேர்த்து, வறுக்காமல் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவிடும் டப்ளின் ஏழை வீட்டுச் சமையல் அது. வறுக்காததால்தான் வெளுத்துத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத கத்தோலிக்கக் குடும்பங்களில், வியாழன் இரவே மிச்சத்தைத் தீர்க்கும் வழியாகவும் அது இருந்தது. "உருளைக்கிழங்கைத் தவிர இவர்களுக்கு வேறொன்றும் தெரியாதா?" என்று வேறு கேட்கிறார். 1845இல் அந்தக் கிழங்கில் நோய் விழுந்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த மக்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸும் வெண்ணெயும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1876இல் தொடங்கிய பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலிருந்து தானியம் வெளியேறிய கதையைப் படித்த நாமா இந்தக் கேள்வியைக் கேட்பது?

பிளாக் புட்டிங்கைக் காட்டி "ரத்தத்தையா தின்கிறார்கள்!" என்று அவர் அலறும் இடம்தான் உச்சம். பன்றி ரத்தத்தில் ஓட்ஸும் கொழுப்பும் மசாலாவும் சேர்த்துச் செய்வது அது. ஆட்டு ரத்தத்தைச் சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் உண்ணும் ஊரிலிருந்து போனவருக்கு இதில் என்ன அதிர்ச்சி? கின்னஸ் என்னும் கறுப்பு பீரை முக்கால் கோப்பை ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து மீதியை நிரப்பிய பணியாளரையும் "சோம்பேறி" என்கிறார். நைட்ரஜன் கலந்த அந்தப் பானத்தை அங்கே அப்படித்தான் ஊற்றுவார்கள். 9,000 ஆண்டுக் குத்தகைக்கு 1759இல் கையெழுத்திட்டுத் தொடங்கிய ஆலையின் பானத்துக்கு இரண்டு நிமிடம் காத்திருக்க நம்மவருக்குப் பொறுமை இல்லை.

அயர்லாந்தின் மேற்குக் கார்க் பகுதியில் ஒரு வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் காலைதோறும் சோடா ரொட்டி சுடுவார். அந்த ஊர்க் கோதுமை மென்மையானது, ஈஸ்டுக்கு அவ்வளவாக ஒத்துவராது, அதனால்தான் மோரும் சோடா மாவும் சேர்ப்பதாகவும், மாவை அதிகம் பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும் என்றும் சொல்வார். சூடு ஆறுவதற்குள் உப்பு வெண்ணெய் தடவி உண்ட அந்த ரொட்டிக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் கராகீன் என்னும் கடற்பாசியைப் பாலில் காய்ச்சி உறைய வைத்த இனிப்பு ஒன்றையும் ஒருநாள் கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சிறுவயதில் சளி பிடித்தால் தன் தாயார் அதைக் கட்டாயப்படுத்திக் கொடுப்பார் என்றும், தனக்கும் அப்போது பிடித்ததில்லை என்றும் சொன்னார். பிடிக்காததைச் சொல்ல இவ்வளவு போதும், துப்ப வேண்டியதில்லை.

"வெள்ளைக்காரர்கள் நம் சாப்பாட்டைக் கேலி செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்தார்கள், செய்கிறார்கள். ஆனால் ஆளைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டன் கேலிச்சித்திரங்களில் குரங்கு முகத்தோடு வரையப்பட்டவர்களே இந்த அயர்லாந்துக்காரர்கள்தாம். கேலி என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. "மதுவுக்கு விளம்பரம் செய்கிறாயா?" என்பவர்களுக்குப் பதில் இல்லை. "நகைச்சுவையை நகைச்சுவையாகப் பாருங்கள்" என்பவர்களிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலக உணவறையில் நான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர்கள் வெள்ளையர்கள் இல்லை. தமிழில் பேசிக்கொண்டே போனார்கள். அவர்களும் நகைச்சுவைக்காகத்தான் செய்தார்களாம். அதன்பிறகு அந்த அறையில் நான் தயிர்சாதத்தைத் தவிர எதையும் திறந்ததில்லை. இன்று அந்தக் காணொளிக்குக் கீழே சிரிப்புக் குறி இட்டவர்களில் அவர்களில் ஒருவரின் பெயரும் இருக்கிறது.

அடுத்த பாகம் அயர்லாந்தின் கடலோர நகரமான கால்வே என்று நண்பர் அறிவித்திருக்கிறார். அங்கே சிப்பியைப் பச்சையாக, எலுமிச்சை பிழிந்து, பழுப்பு ரொட்டியோடு தருவார்கள். வேண்டாமென்றால் "வேண்டாம், நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வேறு எதையாவது வரவழைத்துக்கொள்ளட்டும். காணொளிக்குத் துப்பும் காட்சி கட்டாயம் தேவை என்றால், சென்னைக்குத் திரும்பித் தன் வீட்டு முற்றத்தில் எடுத்துக்கொள்ளட்டும். அதை நான் பகிர்கிறேன்.