மான் பழகிவிட்டது என்கிறார்கள்

திருகோணமலைக்கு வருகிற ஆட்கள் கோணேசரைக் கும்பிட்டு முடித்ததும் அடுத்துச் செய்கிற வேலை மானோடு படம் எடுப்பது. கோயில் இருக்கிற பழைய கோட்டையின் வாசலில் இருந்து கொஞ்சத் தூரத்தில் எனக்கொரு தேத்தண்ணீர்க் கடை இருப்பதால் தினமும் பார்க்கிறேன். ஒரு கையில் பணிஸ், மற்றக் கையில் போன். மானும் பயமில்லாமல் வந்து கையில் இருந்தே வாங்கித் தின்னும். உடனே யாராவது சொல்வார்கள்: "பாருங்கோ, என்ன வடிவாய்ப் பழகியிருக்கு!"

இந்தப் 'பழகியிருக்கு' என்ற சொல்லோடுதான் எனக்குக் கொஞ்ச நாளாகச் சண்டை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருசம் நானும் மிஞ்சிய பாணை மானுக்குத்தான் போட்டேன். ஒரு பக்கக் காது கிழிந்த பெண் மான் ஒன்று காலையில் கடை திறக்கும் நேரம் பார்த்து வந்து நிற்கும். எனக்குத் தெரிய மூன்று குட்டி போட்டது. போன வருசம் அது மெலியத் தொடங்கியது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே இருந்தது. "திரும்பவும் சினை போல" என்று என் மனைவி சொன்னாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் விடிய, மதிலோரம் செத்துக் கிடந்தது. மிருக வைத்தியர் வந்து வயிற்றைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். சொப்பிங் பேக்கும் சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் நைலோன் கயிறும் ஒன்றாகத் திரண்டு, இரண்டு கையாலும் அள்ளி எடுக்கும் அளவுக்கு ஒரு உருண்டை இருந்தது. அதில் ஒரு பேக்கில் இன்னும் சிவப்புக் கோடு மங்கவில்லை. அந்த மாதிரிப் பேக் என் கடையிலும் உண்டு.

மானும் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. வயிறு நாலு அறை. முதல் அறையைப் பெரிய புளிக்கவைக்கும் பானை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாழும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள்தான் புல்லையும் சருகையும் உடைத்துச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. எங்களால் செரிக்க முடியாத நாரில் இருந்து ஒரு மிருகம் உடம்பு வளர்க்கிறது என்றால் அது சின்ன விசயமா? அந்தப் பானையைப் பாணும் பணிசுமாக நிரப்பினால் மா அளவுக்கு மீறிப் புளித்து அமிலமாகி, அந்த நுண்ணங்கிகளே அழிய ஆரம்பிக்கும். பொலித்தீன் போனால் இன்னும் மோசம். அது உடையவும் மாட்டாது, அடுத்த அறைக்குப் போகிற வாசலும் ஒடுக்கம். அங்கேயே தங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மானுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும்.

ஏன் பொலித்தீனைத் தின்கிறது, அறிவில்லையா என்று கேட்கிறார்கள். மான் தன் மூக்கை நம்புகிறது, அவ்வளவுதான். காட்டில் உப்பு கிடைப்பது அரிது. உப்பு மண்ணைத் தேடிப் போய் நக்கும், எலும்பைக்கூட எடுத்துக் கடிக்கும். கொம்பு விழுந்து விழுந்து புதிதாக முளைக்க வேண்டிய ஆண் மானுக்கு எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் தேவை. உப்பு வாசம் வந்தால் தின் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய கணக்கு. எத்தனையோ ஆயிரம் வருசம் அந்தக் கணக்கு தவறியதில்லை. குழம்பு ஒட்டிய லஞ்ச் ஷீட் வந்த பிறகுதான் தவறியது. கடலாமைக் குஞ்சும் இப்படித்தான். இரவில் மணலைக் கிளறி வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று ஓடும். கரையில் ஹோட்டல் விளக்கு எரிந்தால் றோட்டுப் பக்கம் ஓடும்.

படிக்கிற காலத்தில் விஞ்ஞானப் பாடத்தில் 'இசைவாக்கம்' என்று ஒன்று, உயிர்கள் இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி தலைமுறை தலைமுறையாக மாறுவது, வருமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வாத்தியார் கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் காட்டினார். மற்ற மரங்கள் விதையை உதிர்த்துவிட்டுத் தன் பாட்டில் நிற்கும். கண்டல் அப்படி விடுவதில்லை. உவர்ச் சேற்றில் விழுந்தால் பிஞ்சு விதை பிழைக்காது என்பதுபோல, கிளையில் இருக்கும்போதே முளைக்கவைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாக வளர்த்துத்தான் கீழே விடும். சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர் விடும், இல்லாவிட்டால் மிதந்துபோய் வேறு கரை பிடிக்கும். இது எந்த ஒரு மரமும் தன் ஆயுளில் பழகிக்கொண்டது இல்லை. பிழைக்காதவை செத்துச் செத்து, பிழைத்தவை விதை போட்டுப் போட்டு வந்தது. அதற்குக் காலம் வேண்டும், சாவும் வேண்டும்.

மான் எங்களிடம் பழகியது அந்த வகை இல்லை. ஓட்டோ ஹோர்னுக்கு ஓடாமல் இருக்கப் பழகியிருக்கிறது. கோட்டைக்குள் சிறுத்தை இல்லை என்பதால் வாலைத் தூக்கிக் கத்துவதும் குறைந்துவிட்டது. பயம் போய்விட்டது, வயிறு மட்டும் அதே பழைய காட்டு வயிறு.

இதே குப்பையில் கொழுக்கிற பிராணி ஒன்றும் உண்டு, நுளம்பு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு வந்து வீட்டுக்கு வீடு ஆள் படுத்தது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. அந்த வருசம் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு. அந்த நுளம்பின் முன்னோர் மரப் பொந்தில் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டவை. யோகட் கோப்பை அதற்கு இன்னொரு மரப் பொந்து. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து மாரி மழைக்குப் பொரிக்கும். பத்து நாள் அளவில் ஒரு தலைமுறை, ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை. மருந்து அடித்தால் தப்பிய கொஞ்சத்தின் பிள்ளைகள்தான் அடுத்த வருசம் வரும், அதே மருந்து அவற்றுக்கு அவ்வளவாக வேலை செய்யாது. மானோ எட்டு மாதம் அளவு சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அந்தக் குட்டியையும் தெரு நாய் விட்டுவைக்க வேண்டும். பொலித்தீனை ஒதுக்கத் தெரிந்த மான் வம்சம் உருவாகும் வரை காத்திருப்பதென்றால், நுளம்புகள் இருக்கும், மான் இருக்காது.

சரி, "எல்லாவற்றையும் பிடித்துக் காட்டில் விடுங்கோவன்" என்று ஒரு கூட்டம். பிடிப்பது அவ்வளவு லேசா? மான் துரத்திப் பிடிபட்டாலே பதறி, உடம்பு கொதித்து, தசை சிதைந்து, சில நேரம் விட்ட பிறகும் செத்துப்போகும். தப்பிப் பிழைத்துக் காட்டுக்குப் போனாலும் பணிஸ் நீட்டும் கைக்குப் பழகிய மானுக்குச் சிறுத்தையின் நடை தெரியுமா? நான் அதற்கு எதிர். அதுகள் இங்கே பிறந்த ஊர்ச் சனம். இங்கேயே புல்லும் தண்ணீரும் இருக்கும்படி பார்ப்பதுதான் வேலை. ஆக, கையில் இருப்பதைக் கொடுக்காதீர்கள், பாண் கொடுக்கிற பக்தியை விட்டுவிடுங்கள். படம் எடுங்கள், தூர நின்று எடுங்கள். லஞ்ச் ஷீட்டுக்கு 2017இலேயே தடை வந்தது. பொறுப்பானவர்கள் எப்போதாவது வந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அதனால் தடையை நம்பி இருக்காமல் நான் வாழை இலைக்கு மாறிவிட்டேன். கொஞ்சம் கூடச் செலவுதான். இலை மானின் வயிற்றுக்குள் போனாலும் பரவாயில்லை என்பது ஒரு நிம்மதி.

குப்பை வாளிக்கும் மூடி போட்டு, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியிருக்கிறேன். முதல் கிழமை இரவெல்லாம் தட்டுகிற சத்தம். மனைவிக்கு நித்திரை இல்லை, எனக்கு ஏச்சு. நேற்று விடிய எழும்பிப் பார்த்தேன், கொம்பில் பட்டுத்தோல் இன்னும் உரியாத ஒரு இளம் ஆண் மான் வாளியை முகர்ந்தது, ஒரு தரம் முட்டியது, பிறகு விட்டுவிட்டு றோட்டைத் தாண்டிப் போய் அரச மரத்தடியில் விழுந்து கிடந்த இலையைப் பொறுக்க ஆரம்பித்தது.