காணி பார்க்கக் கார்த்திகையில் போங்கள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் காணி வாங்காதீர்கள். வீடு கட்ட இடம் தேடி மூன்று வருடம் அலைந்தவள் நான். என் கூடப்பிறந்த தங்கை கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் காணி வியாபாரம் சூடுபிடிப்பதே ஆடி, ஆவணியில்தான். கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வெளிநாட்டு உறவுகள் ஊரில் நிற்கும். காசு வைத்திருப்பவரும் உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் ஒன்றாக அகப்படுகிற காலம் அது. ஆனால் அந்த நேரம் வலிகாமம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். பள்ளக் காணியும் மேட்டுக் காணியும் கண்ணுக்கு ஒன்றுதான். வெள்ளவாய்க்கால் எது, ஒழுங்கை எது என்றே பிரித்தறிய ஏலாது. எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும். அந்த மழையில் நிற்கும்போது பார்க்காத காணியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

2023 ஆவணியில் நாங்களும் ஒரு காணிக்கு முற்பணம் கொடுக்கும் அளவுக்குப் போனோம். நீரேரிப் பக்கம். ரவுணிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். நல்லூர்க் கோயிலடியில் ஒரு பரப்புக்குக் கேட்ட விலைக்கு அங்கே மூன்று பரப்பு. இவருக்கு மனம் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மல்லிகைப் பந்தல் எங்கே வரும், சாமியறை எந்தப் பக்கம் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

தரகர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தண்ணீர் விடாய். பக்கத்து வளவுக்குள் போய்க் கேட்டேன். ஒரு அம்மம்மா செம்பில் கொண்டுவந்து தந்தா. வாயில் வைத்ததும் உவர். என் முகம் மாறினதைக் கண்டு அவவே சொன்னா: "உது கிணத்துத் தண்ணி பிள்ளை. குடிக்கிறதுக்கு பவுசரிலதான் எடுக்கிறம். உள்ளுக்க கானில கிடக்கு, எடுத்தாறன்." திரும்பி வந்தவ, தன் மதிலைக் காட்டினா. நிலத்திலிருந்து என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, மதில் நீளத்துக்கும் ஒரே மட்டமாக ஒரு கறுத்த பாசிக் கோடு. கோட்டுக்கு மேலே பழைய சுண்ணாம்பு வெள்ளை, கீழே பூச்சு உரிந்து கல்லுத் தெரிந்தது. "புரெவிப் புயலுக்கு ஏறின தண்ணி உது. நிசாவுக்கு ஏறினது வீட்டுக்குள்ள, கட்டில் கால்ல கிடக்கு. வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். முதிரைக் கட்டில். நான்கு காலிலும் ஒரே உயரத்தில் மரம் வெளிறிப் போயிருந்தது. நிஷா வந்தது 2008, புரெவி 2020. இரண்டையும் அந்த வீடு எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்குக் காட்டிய காணியின் மதிலோ புதிதாகப் பூசி வெள்ளை அடித்திருந்தது.

அன்று முற்பணம் கொடுக்கவில்லை. அடுத்த வருடம், 2024 கார்த்திகை வெள்ளத்தின்போது இவர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒழுங்கை எது, காணி எது என்று தெரியவில்லையாம், கேற்றின் மேல்பாதி மட்டும் தெரிந்ததாம்.

எங்கள் சனத்துக்கு ஊர்ப் பெயர் பெரிது. "எங்க காணி எடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, "அதில எந்தக் குறிச்சி?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு ஏற்ற பதில் சொல்வதற்காகத் தலையைக் கொடுத்துக் கடன் எடுக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். நல்ல காணியைத் "தெரியாத ஆக்கள் இருக்கிற இடம்" என்று விட்டவர்களையும் தெரியும். எனக்கு இதில் கோபம் உண்டு. தண்ணீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. என் பிள்ளைகள் குடிக்கப்போவது ஊர்ப் பெயரை இல்லை, கிணற்றுத் தண்ணீரை.

அதனால் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு என்று எங்களுக்கு ஒன்று இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். மழைத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய வில்லை போல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். கடற்கரைக்கும் நீரேரிக்கும் கிட்ட அந்த வில்லை இன்னும் மெல்லிசு. மண் வடிக்கிறது போலச் சுண்ணக்கல் அழுக்கை வடித்துத் தராது. மேலே ஊற்றுவது வெடிப்பு வழியே நேரே போய்விடும். சுன்னாகத்தில் மின்னிலையத்துக் கழிவெண்ணெய் கிணறு கிணறாகப் பரவினதும், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னதும் நினைவிருக்கும்.

இப்போது பரப்புக் கணக்குக்கு வாருங்கள். ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், ஏறக்குறைய 2,722 சதுர அடி. சரியான சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 52 அடிதான். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். அப்படியானால் ஒரு பரப்புக்குள் கிணறு ஒரு மூலை, குழி எதிர் மூலை, நடுவில் வீடு. சரி, உங்கள் குழி தள்ளிப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் குழியை எங்கே வெட்டியிருக்கிறார்? உங்கள் கிணற்றுக்கு நேர் பின்னால், மதிலோடு ஒட்டி. துண்டு துண்டாகப் பிரித்து விற்கிற காணிகளில் இதுதான் நடக்கிறது. காணி பார்க்கப் போகும்போது ஒரு அளவு நாடாவைக் கொண்டுபோய், நாலு பக்கத்து வீட்டுக் குழியும் எங்கே என்று கேட்டு அளந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் அளந்தேன்.

செம்மண் பக்கம் போனால் வேறு கதை. கோண்டாவில், இணுவில், உரும்பிராய் எல்லாம் நல்ல தண்ணீர் என்று பெயர் எடுத்த ஊர்கள். தண்ணீர் நல்ல ருசிதான். ஆனால் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியா எங்கே போகும்? நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிக்கிற தண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதை அசட்டை செய்ய முடியாது, பிள்ளையின் உடம்பு நீலம் பாரிக்கலாம். ருசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதிப்பதுதான் வழி. லட்சக் கணக்கில் காணி வாங்குகிறவர்கள் அந்தச் சின்னச் செலவைத் தவிர்ப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

"இனி பைப் தண்ணி வரும்தானே" என்று தரகர் சொல்வார். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்தது உண்மை. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் எடுக்கலாம் என்பதும் உண்மை. அந்த ஒழுங்கையில் யார் வீட்டிலாவது தண்ணீர் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இல்லாத தண்ணீருக்கு விலை கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வட்ஸ்அப் வீடியோவில் காணி பார்த்து வாங்கும் அண்ணாமாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளக் காணியை மலிவுக்கு வாங்கி, டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி, மூன்றடி உயர்த்தி மதில் கட்டுகிறீர்கள். உங்கள் முற்றம் காயும். அந்தத் தண்ணீர் போய் நிற்பது பக்கத்தில் காலங்காலமாக இருக்கிற ஓலை வீட்டுக்குள். வயல் காணியென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நிரப்பவே கூடாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அது. யாரோ நிரப்பிய வயலை வாங்கினால் அந்தச் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

உறுதி விசயத்தில் இரண்டே சொல்கிறேன், மிச்சத்துக்கு நல்ல நொத்தாரிசைப் பிடியுங்கள். பிரிக்காத பங்குக் காணியென்றால், எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் எழுதின உறுதி பிறகு நீதிமன்றத்துக்குப் போகலாம். மற்றது, முத்திரைக் கட்டணத்தைக் கணக்கில் விடாதீர்கள். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நாங்கள் அதை மறந்துபோய், கடைசியில் என் இரண்டு காப்பைத்தான் அடகு வைத்தோம்.

ஒழுங்கையின் அகலத்தையும் பாருங்கள். டிப்பர் உள்ளே வராவிட்டால் கல், மண், சீமெந்து எல்லாம் சந்தியில் பறித்து லான்ட்மாஸ்டரில் ஏற்றி இறக்க வேண்டும். காணியில் மிச்சம் பிடித்த காசு அந்த ஏற்றுக்கூலியில் போய்விடும். அம்புலன்ஸ் வருமா என்பதை எங்கள் மாமிதான் கேட்டா. எனக்கு அது தோன்றவேயில்லை.

பள்ளிக்கூடத்துக்காக ரவுணுக்குக் கிட்ட வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதலாம் வகுப்பில் பாதி இடம் அருகில் வசிப்பவர்களுக்குத்தான், ஆனால் முழுப் புள்ளி எடுக்க ஐந்து வருடம் வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் பெயர் இருக்க வேண்டும். பிள்ளைக்கு நான்கு வயதில் காணி வாங்கி ஓடுவதில் பிரயோசனம் இல்லை.

கடைசியில் நாங்கள் எடுத்தது உரும்பிராய்க்கும் கோப்பாய்க்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் இரண்டு பரப்பு. நினைத்ததை விட விலை கூட. அதனால் வீடு சின்னதாகிவிட்டது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, மேல்மாடிக் கதையே இல்லை. வாங்குவதற்கு முன் மழைக்குள் மூன்று முறை போனோம். மூன்றாம் முறை மாமியும் வந்தா. செருப்பைக் கழற்றிவிட்டுக் குடையோடு காணியைச் சுற்றி நடந்தா. செம்மண் காலில் ஒட்டியது, ஆனால் எங்கேயும் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. "சரி, இதை எடுங்கோ" என்றா.

கிழக்குப் பக்க வேலிக்கு அங்கால் வெங்காயத் தோட்டம். குடிபூரலுக்கு முதல் எடுத்த சோதனையில் நைத்திரேற்று எல்லைக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. மாரி முடிந்ததும் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். போன கிழமை ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை சின்னவளுக்குக் குடிக்கக் கான் தண்ணீர்தான்.