ஆயுதத் தடை நீக்கம் வெறும் வணிகச் செய்தியன்று

சீனா மீதான ஆயுத விற்பனைத் தடையை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கிக்கொண்டாலும் அதன் விளைவு வணிக அளவிலேயே நின்றுவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1989 தியானன்மென் படுகொலைக்குப் பின் விதிக்கப்பட்ட அத்தடையை நீக்க 2004, 2005 ஆண்டுகளில் பிரான்சும் ஜெர்மனியும் முயன்றபோது, தைவான் நீரிணையில் தன் படைகளுக்கு எதிராகவே அந்த ஆயுதங்கள் திரும்பக்கூடும் என்று அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. 2005 மார்ச்சில், தைவான் பிரிந்துபோக முயன்றால் படைபலத்தைப் பயன்படுத்த இடமளிக்கும் பிரிவினைத் தடுப்புச் சட்டத்தைப் பெய்ஜிங் நிறைவேற்றியதும் முயற்சி கிடப்பில் போடப்பட்டது. ஒரு துப்பாக்கிகூட விற்கப்படாத நிலையிலேயே நட்பு நாடுகளுக்குள் அவ்வளவு உரசல்.

நம் அனுபவமும் அதுதான். 1965 போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தியது. அப்போது படை வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்த என் தந்தை, உதிரிபாகம் வராமல் நின்றுபோன ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றை ஓடவைத்த கதையை, குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கையால் போல்ட்டைத் திருகிக் காட்டியபடியே சொல்வார். தடையால் அதிகம் அடிபட்ட பாகிஸ்தான் சீனாவை நாடியது. நாம் சோவியத் ஒன்றியத்தை மேலும் நெருங்கி, 1971 ஆகஸ்டில் நட்புறவு ஒப்பந்தமே செய்துகொண்டோம். 1975இல் வாஷிங்டன் தடையை நீக்கியபோது நம் படையின் பயிற்சியும் பட்டறையும் சோவியத் கருவிகளுக்குப் பழகிவிட்டிருந்தன.

வியட்நாம் மீதான தடையை 2016 மே மாதம் ஒபாமா ஹனோயிலேயே நீக்கி அறிவித்தார். அதன் பின்னரும் அந்நாட்டுப் படை பெரும்பாலும் ரஷ்யத் தளவாடங்களையே நம்பியிருந்தது. கட்டுரையாளர் விற்பனைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, உதிரிபாகமும் பயிற்சியும் பல்லாண்டுக் காலம் யார் கையில் இருக்கும் என்பதை விட்டுவிட்டார்.