இரண்டாம் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை பற்றி ஒரு திருத்தம்

கிளிநொச்சியில் உதைபந்தாட்டத்தில் ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் இணைநார் இரண்டாம் தடவையும் அறுந்த தம்பிக்கு, மறுபடி சத்திரசிகிச்சை செய்தாலும் அது கட்டாயம் அறுந்துவிடும் என்று சிலர் எழுதியுள்ளனர். அது சரியன்று.

மறுசத்திரசிகிச்சை பெற்றோரைத் தொடர்ந்து கவனித்த மார்ஸ் ஆய்வில், இரண்டு ஆண்டுகளின் பின் விபரம் கிடைத்த 1112 பேரில் 37 பேருக்கே, அதாவது 3.3 சதவீதத்தினருக்கே, அறுந்த இணைநாருக்குப் பதிலாகப் பொருத்திய நார் மீண்டும் அறுந்தது. அதிலும், கொடையாளியின் நாரைவிட நோயாளியின் சொந்த நாரைப் பொருத்தியவர்களுக்கு அந்த ஆபத்து கணிசமாகக் குறைவாக இருந்தது. முதற் சத்திரசிகிச்சையின் அளவுக்கு விளையாட்டுத் திறன் பலருக்கு மீள்வதில்லை என்பது உண்மைதான், ஆனால் அது வேறு விடயம்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் மார்ஸ் கோஹோர்ட் (MARS cohort) என்று ஆங்கிலத்தில் தேடி, 2014இல் வெளியான கட்டுரையின் சுருக்கத்தை எவரும் இலவசமாக வாசிக்கலாம். தம்பி, முன்னர் எந்த நார் பொருத்தப்பட்டது என்பதை உங்கள் டயக்னோசிஸ் கார்டில் பார்த்து, அதைக் கொண்டுபோய் எலும்பியல் நிபுணரிடம் கேளுங்கள்.